சென்னைப் புழுக்கமும் ஒரு டப்பா சிகாரும்

சிகாரைப் பாதுகாப்பது பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்கள். அங்கே பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று காய்ந்து கிடக்கும், வெளியே வைத்த சிகார் சில நாளிலேயே சருகாகிவிடும். அதனால் அவர்கள் சொல்லிக்கொடுப்பது எல்லாமே ஈரம் சேர்க்கும் வித்தைதான். பஞ்சை நனைத்து வை, பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடை, இப்படி. நங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிற நான் ஐப்பசி மாதத்தில் அதைச் செய்தால் பெட்டி நிறையப் பூஞ்சைதான் இருக்கும். நமக்கு ஈரம் கேட்காமலே வருகிறது. அதை ஓர் அளவில் நிறுத்துவதும், வெக்கை அண்டாமல் பார்த்துக்கொள்வதும், வண்டு பொரிக்காமல் தடுப்பதும்தான் இங்கே வேலை. இந்த மூன்றையும் ஹியூமிடார் என்கிற, சிகார் வைப்பதற்கென்றே செய்த விலை உயர்ந்த மரப்பெட்டி இல்லாமலே செய்யலாம், இன்னும் சொல்லப்போனால் அது இல்லாமல்தான் நன்றாகச் செய்யலாம் என்பது என் அனுபவம்.

நான் மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறவன். மாத்திரை அட்டைகளை 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் வைத்து, எது தாங்குகிறது, எது கெடுகிறது என்று பார்ப்பது என் பிரிவின் தொழில். பகல் முழுக்க ஈரப்பதத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் ஒரு சிகார் பிடிக்கும். புகை உடம்புக்குக் கெடுதி, அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் எண்ணிக்கை கம்மி. எண்ணிக்கை கம்மி என்பதால்தான் சேமித்து வைக்கும் பிரச்சினையே வருகிறது. துபாயிலிருந்து வரும் நண்பர் ஒரு பெட்டி கொண்டுவந்தால், இருபத்தைந்து சிகார் எனக்கு மாதக்கணக்கில் வரும். அதற்குள் ஒரு வெயில்காலமும் ஒரு மழைக்காலமும் அந்தப் பெட்டியின் தலைமேல் போய்விடும்.

முதலில் அந்த மரப்பெட்டி விஷயம். ஹியூமிடார் என்றால் உள்ளே ஸ்பானிஷ் சிடார் பலகை போட்ட பெட்டி. பெயரில்தான் சிடார், உண்மையில் அது நம் வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். நல்ல வாசனை, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஓரளவு எதிரி, ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும். கைத்திறனோடு செய்த பெட்டி என்றால் மூடி இறங்கும்போது காற்று மெதுவாகப் பிதுங்குவது காதில் கேட்கும். ஆனால் மலிவு விலையில் கிடைக்கும் கண்ணாடி மூடிப் பெட்டிகளில் அந்த இறுக்கம் கிடையாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். குளிர்நாட்டில் அந்த இடுக்கு வழியே ஈரம் வெளியேறும், சென்னையில் அதே இடுக்கு வழியே ஈரம் உள்ளே ஏறும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வெளிக்காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை எளிதாகத் தாண்டும் ஊரில், காற்று புகும் பெட்டிக்குள் எதை வைத்தாலும் அதே 80தான்.

சமையலறையில் நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதே, மூடியில் ரப்பர் வளையம் ஓடுமே, அதுதான் என் பெட்டி. இட்லி மாவுக்கு வாங்கும் பெரிய அளவு. புதிதாக வாங்கியதையே எடுங்கள். சாம்பார்ப்பொடி இருந்த டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் பெருங்காயம் தங்கிவிடும், சிகார் அதை ஒரு வாரத்தில் இழுத்துக்கொள்ளும். புது டப்பாவையும் கழுவித் துடைத்து, மூடியைத் திறந்தபடி சில நாள் ஆறவிட்டு, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்து, எந்த வாசனையும் இல்லை என்றால் மட்டும் பயன்படுத்துகிறேன். டப்பா காற்றுப்புகாததா என்று பார்க்க ஒரு வழி: உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தைப் போட்டு மூடி, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வரக் கூடாது, காகிதம் நனையக் கூடாது.

சிகார் பெட்டியோடு வரும் மெல்லிய சிடார் தகடுகளை நான் எறிவதில்லை. டப்பாவின் அடியில் இரண்டு, அடுக்குகளுக்கு நடுவில் ஒன்று. பிளாஸ்டிக் தன்னளவில் ஈரத்தை வாங்கவும் செய்யாது, விடவும் செய்யாது. அந்தத் தகடு கொஞ்சம் வாங்கிக் கொஞ்சம் விடும். அப்புறம் டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தால் நல்லது. புகையிலையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். நிறைந்த டப்பாவில் ஈரப்பதம் அவ்வளவாக ஆடாது, ஆறு சிகார் உருளும் பெரிய டப்பாவில் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எண் குதிக்கும்.

சரி, எந்த எண்? 70 சதவீத ஈரப்பதம், ஏறக்குறைய 21 டிகிரி வெப்பம் என்பது எங்கும் சொல்லப்படும் பழைய கணக்கு. 21 டிகிரி என்பது ஏ.சி. இல்லாத சென்னை வீட்டில் மார்கழி விடியற்காலையில் மட்டும் எட்டிப்பார்க்கும் சங்கதி. எங்கள் வீட்டுக்குள் சாதாரணமாக 29, 30 இருக்கும். வெப்பம் கூடுதலாக இருக்கும் இடத்தில் ஈரப்பதத்தைக் குறைத்து வைப்பதே பாதுகாப்பு, அதனால் நான் 65-க்குப் போய்விட்டேன். கியூபா சிகாருக்கு 62 என்று சொல்கிறவர்களும் உண்டு. 65-ல் சிகார் சீராக எரிகிறது, இழுக்கும்போது அடைப்பதில்லை, மேல் இலை வெடிப்பதில்லை. 72-ல் வைத்த சிகாரை நம் ஊர்க் காற்றில் பற்றவைத்தால் பாதியில் ஒரு பக்கமாக எரிந்து அணைந்துபோகிறது.

அந்த 65-ஐப் பிடித்து நிறுத்துவது போவேடா என்ற சிறிய பாக்கெட். உள்ளே தண்ணீரும் உப்பும் கலந்த கரைசல், வெளியே ஆவி மட்டும் போய்வரக்கூடிய உறை. இதன் வேலை எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். தண்ணீரில் ஓர் உப்பை இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து, மூடிய பாத்திரத்தில் வைத்தால், அதற்கு மேலே உள்ள காற்றின் ஈரப்பதம் ஒரு குறிப்பிட்ட எண்ணில் நின்றுவிடும். காற்றில் ஈரம் அதிகமானால் கரைசல் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் விடும். ஒவ்வோர் உப்புக்கும் ஓர் எண் உண்டு. சமையல் உப்புக்கு 75. பொட்டாசியம் அயோடைடுக்கு 25 டிகிரியில் கிட்டத்தட்ட 69. மெக்னீசியம் குளோரைடுக்கு 33. எங்கள் லேபில் கருவிகளைச் சரிபார்க்கப் பயன்படுவதும் இதே தத்துவம்தான். நனைத்த பஞ்சு ஈரத்தைக் கொடுக்க மட்டும்தான் செய்யும், எடுக்கத் தெரியாது. சென்னையில் எடுக்கத் தெரிந்தது வேண்டும்.

அடைமழை நாளில் சமையலறை உப்பு ஜாடி கசிந்து நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். ஆக, உப்பு ஜாடி கசிகிறது என்றால் அன்றைக்கு உங்கள் வீட்டுக் காற்று சிகாருக்கு ஆகாத காற்று. அப்படிப்பட்ட நாளில் நான் டப்பாவைத் திறப்பதே இல்லை.

60 கிராம் பாக்கெட் ஒன்று இருபத்தைந்து சிகாருக்குப் போதும் என்பது கணக்கு. நான் மழைக்காலத்தில் இரண்டு போடுகிறேன். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தால் கூழ் மாதிரி நெகிழ வேண்டும். உள்ளே கல்கல்லாக இறுகிவிட்டால் தண்ணீர் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். நம் ஊர் மழையில் இதற்கு நேர்மாறும் நடக்கும்: ஈரத்தை வாங்கி வாங்கி பாக்கெட் தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று உப்பிவிடும். அதுவும் மாற்ற வேண்டிய அறிகுறிதான். இரண்டு பாக்கெட் போட்டால் ஒவ்வொன்றின் மீதும் சுமை பாதியாகிறது, அவ்வளவுதான் காரணம். ஒரே டப்பாவில் 65, 72 என்று இரண்டு எண்களைக் கலந்து போடாதீர்கள். ஒன்று விட, இன்னொன்று வாங்க, இரண்டும் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

ஈரமானி விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். முள் வைத்த சின்ன வட்ட மீட்டர்களை நான் நம்புவதில்லை. இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டர் போதும், ஆனால் அதைச் சோதித்த பிறகுதான் டப்பாவுக்குள் வைக்க வேண்டும். சோதிப்பது எளிது. சோடா பாட்டில் மூடி ஒன்றில் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்து தண்ணீராகத் தேங்கக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் வைத்து மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மீட்டர் 4 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். அதன் முதுகில் மார்க்கரால் ‘+4’ என்று எழுதிவிட்டால் முடிந்தது. இதற்குக் கல் உப்பு எடுக்காதீர்கள், பாக்கெட் தூள் உப்புதான் வேண்டும். கல் உப்பில் கடலின் மெக்னீசியம் உப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே சொன்னேனே, மெக்னீசியம் குளோரைடின் எண் 33 என்று. அது கலந்தால் 75 என்ற கணக்கு கீழே இறங்கிவிடும், மீட்டர் மேல் வீணாகப் பழி விழும்.

இப்போது வண்டு. இந்த ஊரில் சிகார் வைத்திருப்பவர்கள் பூஞ்சையைவிட அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். லாசியோடெர்மா செரிகோர்னே என்பது அதன் அறிவியல் பெயர். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், தலையை மார்புக்கடியில் குனிந்து வைத்துக்கொள்வதால் முதுகு கூன் விழுந்த மாதிரி தெரியும். இதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். மிளகாய்த்தூளில், மஞ்சளில், மல்லியில், சுக்கில் வைக்கும் வண்டு இதுதான். புகையிலையில் வரும் அதே பூச்சி. அதற்கு மிகவும் உகந்தது 30 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும், அதாவது என் வீட்டின் சாதாரண நாள். முட்டை இலைக்குள்ளேயே வந்திருக்கலாம், குளிர்ச்சியில் அது சும்மா கிடக்கும். வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பொரிக்கும். வெண்ணிறப் புழு உள்ளுக்குள்ளேயே இலையைத் தின்று வளர்ந்து, வண்டாகி, மேல் இலையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். குண்டூசியால் குத்திய மாதிரி வட்டமான ஓட்டையும் அடியில் மெல்லிய பழுப்புத் தூளும் தெரிந்தால், அந்த டப்பாவில் உள்ள எல்லா சிகாரையும் சந்தேகப்பட வேண்டும்.

அதனால் என் வீட்டுக்குள் வரும் எந்த சிகாரும் முதலில் ஃப்ரீசருக்குப் போகும். ஏற்றுமதிக்கு முன் உறைகுளிரில் வைத்தே அனுப்பும் தயாரிப்பாளர்கள் உண்டு, ஆனால் நம் கைக்கு வரும் வழியில் எந்தக் கடையின் எந்த அலமாரியில் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? ஜிப் பைக்குள் ஜிப் பை, காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டு மூடுகிறேன். முதலில் ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். பிறகு ஃப்ரீசரில். கழித்தல் 18 டிகிரியில் மூன்று நாள் போதும் என்பார்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் அறை பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிராது, கரன்ட் வேறு போய்ப் போய் வரும், அதனால் நான் ஒரு வாரத்துக்குமேல் விட்டுவிடுகிறேன். வெளியே எடுக்கும்போதும் அதே நிதானம்: ஒரு நாள் கீழ்த்தட்டு, அப்புறம் மேசைமேல். பை முழுதாக அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கவே கூடாது. சென்னைக் காற்றில் குளிர்ந்த சிகாரைத் திறந்தால் ஐஸ்வாட்டர் பாட்டில் வேர்ப்பது போல இலைமேல் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும், உப்பி வெடிக்கும்.

ஃப்ரிட்ஜிலேயே வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. உறைபனி கட்டாத ஃப்ரிட்ஜ்கள் உள்காற்றை உலர்த்திக்கொண்டே இருக்கும், மீன் குழம்பும் மல்லிகைப்பூவும் ஒரே தட்டில் இருக்கும் நம் ஃப்ரிட்ஜில் வாசனைக்கு வேலி கிடையாது. வாசனையைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று: துணி பீரோ. இருட்டாக, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் வைக்கத் தோன்றும். பாச்சை உருண்டை போட்ட பீரோ என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நாஃப்தலீன் வாசம் ஏறிய புகையிலையைத் திருப்ப முடியாது. பூஜை அலமாரியும் அப்படித்தான், கற்பூரமும் ஊதுபத்தியும் சாதாரண வாசனைகள் அல்ல.

எங்கள் வீட்டில் டப்பா இருப்பது வடக்குப் பக்க அறையில், உள்சுவரை ஒட்டிய மர அலமாரியின் கீழ்த்தட்டில், புத்தகங்களுக்குப் பின்னால். மேற்குச் சுவர் மாலை முழுக்கச் சூட்டைக் கக்கும், பரண் மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே, ஃப்ரிட்ஜின் தலையிலும் சூடு. இந்த மூன்று இடத்தையும் தவிர்த்தாலே இரண்டு மூன்று டிகிரி மிச்சம். ஏ.சி. அறையில் வைப்பதில் எனக்கு அரைமனதுதான். இரவில் 24, பகலில் 33 என்று தினமும் ஏறி இறங்குவதைவிட, 29-ல் அசையாமல் இருப்பதே மேல் என்று நினைக்கிறேன், ஃப்ரீசர் வேலை ஒழுங்காக முடிந்திருந்தால். அதே ஏ.சி. அறையில் டப்பாவுக்கு வெளியே ஒரு சிகாரை இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், மேல் இலை விரல் பட்டாலே நொறுங்கும். ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே சொட்டிக்கொண்டே இருக்கிறது அல்லவா.

அக்னி நட்சத்திரத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு. சென்னை 2003-ல் 45 டிகிரியைப் பார்த்த ஊர், மே மாதத்தில் எந்த அலமாரியையும் நம்ப முடியாது. மருந்துகளைக் குளிரில் அனுப்பும் கனமான தெர்மோகோல் பெட்டி எங்களுக்குப் பழக்கமானது. மருந்துக்கடைகளில் காலிப் பெட்டிகளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். சிகார் டப்பாவை அப்படியே அதற்குள் வைத்து, உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரமாக நிறுத்துகிறேன், டப்பாவைத் தொடாமல். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாற்றினால் உள்ளே 23, 24-ல் நிற்கிறது. வேர்க்கிற ஈரமெல்லாம் டப்பாவுக்கு வெளியேதான், உள்ளே மீட்டர் அசைவதில்லை. மீன் வந்த தெர்மோகோல் பெட்டி வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

பூஞ்சை வந்துவிட்டால்? வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ, பஞ்சு மாதிரிப் புசுபுசுவென்று மேல் இலையில் மட்டும் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, அந்த சிகாரைத் தனி டப்பாவுக்கு மாற்றிக் கண்காணிக்கலாம். பற்றவைக்கும் முனையில், இலை மடிப்புகளுக்குள் தெரிந்தால் உள்ளேயும் ஓடியிருக்கும், தூக்கி எறிவதே நல்லது. வெள்ளையாகப் பூத்தால் அது முதிர்ந்த சிகாரின் எண்ணெய் படிந்து பூப்பது, நல்ல அறிகுறி என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நம் ஊர் ஈரத்தில் நான் அதைப் பூஞ்சை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக உறையூர்ச் சுருட்டு. என் மாமனார் திருச்சிக்காரர், அவர் வரும்போதெல்லாம் ஒரு கட்டு கொண்டுவருவார். திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஒரு காலத்தில் கப்பலேறிப்போன சரக்கு அது. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலைக்கும் அப்படியொரு பெயர் இருந்தது, ஸ்பென்சர் கம்பெனி அங்கே சிகார் ஆலையே நடத்தியது. இருபக்கமும் திறந்த, காட்டமான இந்தச் சுருட்டை மாமா பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார், மொறுமொறுவென்று காய்ந்திருந்தால்தான் அவருக்குப் பிடிக்கும். நான் ஒரு பாதியை அவருடைய டின்னிலும், மறுபாதியை 62 எண் பாக்கெட்டோடு தனி டப்பாவிலும் வைத்துப் பார்த்தேன். டப்பாவில் இருந்தது மெதுவாக எரிந்தது, தொண்டையில் அந்த முதல் அடி தணிந்திருந்தது, ஒரு மண்வாசம் மேலே வந்தது. மாமா ஒன்றை வாங்கிப் பிடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை, ஆனா இது நம்ம சுருட்டு மாதிரி இல்லையே” என்றார். அவருக்கு டின்னிலிருந்தே கொடுக்கிறேன். எப்படியானாலும் சுருட்டையும் வெளிநாட்டு சிகாரையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். காட்டமானதன் வாசனை மென்மையானதில் ஏறிவிடும், சில வாரத்தில் எல்லாமே ஒரே ருசிக்கு வந்துவிடும். வனிலா, ரம் வாசனை போட்ட சிகார்களுக்கும் இதே விதி. ஒவ்வொரு வகைக்கும் ஒரு சின்ன டப்பா, மூடியில் வந்த தேதியும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த தேதியும் எழுதிய ஒரு துண்டு டேப். மதுரை, கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு வெயில்காலத்தில் காற்று எங்களுடையதைவிடக் காய்ந்திருக்கும், அங்கே 69 எண் பாக்கெட்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள், வண்டுக்கான ஃப்ரீசர் வேலையில் மட்டும் எந்த ஊருக்கும் விலக்கு இல்லை.